69

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வகுப்பறை வாசலில் யாராவது வந்து நின்றால், அது பெரும்பாலும் கோச்தான். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். கழுத்தில் விசில், கையில் மடித்த தாள். வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு தாளைப் பிரித்து, ஒரு பெயரில் விரலை வைத்து, "இவன் எழுபதில் இருக்கிறானா?" என்பார்.

நான் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இது ஏழாவது வருஷம். அதற்கு முன்னால், வேலைக்குப் போக முடியாத எச்-4 விசாவில் சும்மா இருந்த வருஷங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வேலை அனுமதி கையில் வந்ததும் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து நின்றேன். முதல் நாள் பிள்ளைகள் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில்தான் டீச்சரை மிஸ் என்போம் என்று நினைத்திருந்தேன். டெக்சஸ் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பெயரைக்கூடச் சேர்க்காமல்.

ஊருக்குப் பேசும்போது, "அங்கேயெல்லாம் மார்க்குக்காகப் பிள்ளைகளைப் படுத்த மாட்டாங்களாமே" என்று யாராவது கேட்பார்கள். என்ன சொல்வது? எழுபது என்ற எண்ணை நான் இங்கே பார்க்கிற மாதிரி, 35 மார்க் தேர்ச்சி என்று இருந்த நம்மூரில்கூட யாரும் பார்த்ததில்லை.

எழுபது இங்கே சட்டம். 1984இல் டெக்சஸ் சட்டமன்றம் பள்ளிக் கல்வியைப் பெரிய அளவில் திருத்தி எழுதியது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையில் இயங்கிய குழு பரிந்துரைத்தவற்றில் ஊரையே கொதிக்க வைத்த விதி ஒன்று உண்டு: 'நோ பாஸ், நோ ப்ளே'. இன்றைய விதிப்படி, ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் மூன்று வாரம் போட்டியில் இறங்கக் கூடாது. பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்துக்கு வரக் கூடாது. பந்து விளையாடுகிறவர்களுக்கு மட்டும் என்றில்லை, பேண்டில் டிரம்பெட் ஊதுகிற பிள்ளைக்கும் இதுதான். ஹானர்ஸ் மாதிரி சில கடினமான வகுப்புகளுக்கு விலக்கு உண்டு. என்னுடைய சாதாரண எட்டாம் வகுப்புக் கணக்குக்குக் கிடையாது. ஒன்பது வார மதிப்பெண் காலம் முடிந்து ஏழு நாள் கழித்துத் தடை ஆரம்பமாகும். அதனால் கோச் வெள்ளிக்கிழமை என்னிடம் வரும்போது அவர் மனதில் ஓடுவது அடுத்த வாரத்துக்கு மறு வாரம் செவ்வாய்க்கிழமை ஆட்டம்.

மென்பொருள் 69.5ஐ 70 ஆக்கிவிடும். 69.4ஐ 69 ஆக்கிவிடும். அந்தப் பத்தில் ஒரு பங்குக்காகத்தான் விசிலோடு ஒரு மனிதர் என் வாசலில் நிற்கிறார்.

*

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 'பப்ளிக் ஸ்கூல்' என்றதும் டை கட்டி வேனில் போகிற பிள்ளைகளை நினைத்துவிடாதீர்கள். இங்கே அது வரிப்பணத்தில் நடக்கிற இலவசப் பள்ளி. மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை, நகராட்சியும் நடத்துவதில்லை. பள்ளி மாவட்டம் என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. கலெக்டர் இருக்கிற மாவட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் பக்கம் ஒரே தெருவில் வலது கை வீடுகள் ஒரு பள்ளி மாவட்டம், இடது கை வீடுகள் இன்னொன்று. டெக்சஸில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வீட்டு வரியில் பெரிய துண்டு இதற்குத்தான் போகிறது. எங்கள் மாவட்டத்தின் தலையில் ஏழு பேர் கொண்ட குழு. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பல் டாக்டர், ரியல் எஸ்டேட்காரர், மூன்று பிள்ளை பெற்ற அம்மா என்று யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம்.

என்ன பாடம் நடத்த வேண்டும் என்று மாநிலம் சொல்கிறது. வருஷக் கடைசியில் ஸ்டார் என்ற பொதுத் தேர்வையும் மாநிலமே வைக்கிறது. பள்ளியில் போடுகிற மார்க்கில் 70 எடுத்தால் தேர்ச்சி என்கிறது. (நியூயார்க்கில் 65 போதும். ஐந்து மார்க்குக்காக யாரும் வீடு மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் கோச்சிடம் இதைச் சொல்லவில்லை.) அந்த 70ஐ எப்படிக் கூட்டிக் கழித்துப் பெறுவது என்பது அந்த ஏழு பேரின் கையில். எங்கள் கொள்கை ஏட்டில் ஈஐஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் பெற்றோர் யாரும் படிப்பதில்லை. நானும் முதல் வருஷம் படிக்கவில்லை. ஒரு தேர்வை எத்தனை தடவை திரும்ப எழுதலாம், தாமதமாகத் தந்தால் எத்தனை கழிக்கலாம், தேர்வுக்கு எத்தனை விழுக்காடு, வீட்டுப்பாடத்துக்கு எத்தனை, எல்லாம் அதிலும் அதை ஒட்டி எழுதிய கையேட்டிலும்தான் இருக்கிறது. தெருவின் இடது பக்க வீட்டுப் பிள்ளையும் வலது பக்க வீட்டுப் பிள்ளையும் அதே விடையை எழுதிவிட்டு வேறு வேறு மார்க்கோடு வீட்டுக்குப் போகலாம்.

எங்களிடம் இரண்டு பெட்டி: மேஜர், மைனர். தேர்வும் பெரிய ப்ராஜெக்டும் மேஜர், அதற்கு 60 விழுக்காடு. தினசரி வேலை, குறுந்தேர்வு, வீட்டுப்பாடம் எல்லாம் மைனர், அதற்கு 40. ஒன்பது வாரத்துக்குள் மூன்று மேஜராவது, பத்து மைனராவது பதிய வேண்டும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. என் முதல் வருஷத்தில் வந்த இரண்டு பிள்ளைகளைச் சொல்கிறேன், ஒழுங்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

பையன் மூன்று மேஜரில் 88, 91, 84 வாங்கினான். கணக்கு அவனுக்கு ஒரு விளையாட்டு. வீட்டுப்பாடம் மட்டும் தர மாட்டான். பத்து மைனரில் நாலு தந்தான், நாலிலும் 95. மீதி ஆறும் பூஜ்ஜியம். சராசரி 67.8.

பெண் பத்து மைனரையும் தந்தாள், கலர் பேனாவில், அடிக்கோடு போட்டு. சராசரி 98. மேஜர் மூன்றும் 58, 61, 55. மொத்தம் 74.

அவன் ஃபெயில், அவள் பாஸ். நான் எதையும் தப்பாகக் கூட்டவில்லை. ஜூன் மாதம் ஸ்டார் முடிவு வந்தது. அதில் நாலு படி உண்டு. பையனுக்கு மேல் படி, 'மாஸ்டர்ஸ்'. பெண்ணுக்குக் கீழ்ப் படி, 'டிட் நாட் மீட்'. அவளுடைய அம்மா எனக்கு எழுதிய மின்னஞ்சலில் கோபம் இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. "நீங்கள் வருஷம் பூராவும் 74, 75, 76 என்று போட்டீர்கள். அவளுக்குப் புரிகிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். இந்த 74 என்னது?" என்று கேட்டிருந்தார். மூன்று நாள் யோசித்து நான் அனுப்பிய பதில் சுமாரானது. உண்மையான பதில், 'அது உங்கள் மகளின் நல்ல பழக்கங்களுக்கும் பாதிப் புரிதலுக்கும் நான் போட்ட கலவை' என்பதுதான். அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

*

பூஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. ஆசிரியர் அறையில் சண்டை மூட்ட வேண்டுமென்றால் இந்த ஒரு சொல் போதும்.

நாலு தாளில் 85, ஒரு தாள் தரவில்லை. பூஜ்ஜியம் போட்டால் சராசரி 68. பூஜ்ஜியத்துக்குப் பதில் 50 போட்டால் 78. நூறு மார்க் அளவுகோலில் தோல்விக்கு 70 படி, வெற்றிக்கு 30 படி. ஒரு தடவை அடியில் விழுந்தவன் ஏறி வருவதற்குள் வருஷம் முடிந்துவிடும். இதனால்தான் அமெரிக்காவில் பல மாவட்டங்கள், தராத தாளுக்கும் 50க்குக் கீழே போடாதே என்று ஆசிரியர்களுக்கு உத்தரவு போட்டன. எதிர்க்கட்சி வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒன்றும் செய்யாதவனுக்கு எதற்கு ஐம்பது?

டெக்சஸ் இதில் தலையிட்டது. 2009இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளை செய்த வேலை எவ்வளவு தேர்ச்சியைக் காட்டுகிறதோ அதற்கேற்ற மார்க்கைத்தான் ஆசிரியர் போட வேண்டும். வேலையின் தரத்தைப் பார்க்காமல் குறைந்தபட்சம் இவ்வளவு போடு என்று மாவட்டம் ஆசிரியரை வற்புறுத்தக் கூடாது. சில மாவட்டங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. சட்டம் தனித்தனித் தாளுக்குத்தானே, ரிப்போர்ட் கார்டு சராசரிக்கு இல்லையே என்று வாதாடின. 2010இல் தோற்றன. படித்தபோது, நம்மூர் வக்கீல் யாரோ உள்ளே இருந்து யோசனை சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தோற்ற தாளை அல்லது தேர்வைத் திரும்பச் செய்ய நியாயமான வாய்ப்புக் கொடுக்க மாவட்டம் அனுமதிக்கலாம். எங்கள் மாவட்டம் அனுமதிக்கிறது. ஐந்து பள்ளி நாளைக்குள் கேட்க வேண்டும், திரும்பச் செய்ததற்கு அதிகபட்சம் 70. தராத தாளையும் அந்த நாளைக்குள் தந்துவிடலாம், அதற்கும் அதே 70 உச்சம். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கேதான் வரப்போகிறேன்.

என் கட்சி எது என்று கேட்டால், இரண்டும் இல்லை. தராத தாளுக்குப் பூஜ்ஜியம் போடுவது எனக்குக் கணக்காகவே சரியாகப் படவில்லை. அளக்காத ஒன்றின் அளவு பூஜ்ஜியம் என்று என் பிள்ளைகள் எழுதினால் நான் சிவப்பு மையில் சுழிப்பேன். ஆனால் 50 என்று எழுதினாலும் சுழிப்பேனே.

*

பிள்ளைகள் இதையெல்லாம் எங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆல்ஜீப்ரா எடுக்கிற எட்டாம் வகுப்புப் பிரிவு ஒன்று எனக்கு உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கான பாடம், முன்கூட்டியே எடுக்கிறார்கள், அந்த மார்க் உயர்நிலைப் பதிவேட்டில் ஏறும். அதில் அரையாண்டுக்கு இரண்டு ஒன்பது வாரமும் 40, 40. தேர்வு 20. டிசம்பரில் ஒரு பெண் வந்து கேட்டாள். "மிஸ், எனக்கு 93, 88. தேர்வில் 85.5 வந்தால் 90க்கு ஏ நிற்கும், இல்லையா?" மனக்கணக்காகச் சொன்னாள். முந்தின நாள்தான் அதே பெண், ஒரு மாறியுள்ள சமன்பாட்டில் எக்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தாளை வெறுமையாகத் தந்திருந்தாள். "நீ இப்போது போட்டது என்னவென்று நினைக்கிறாய்?" என்று கேட்டேன். விழித்தாள். பலகையில் எழுதிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நேர்கோட்டுச் சமன்பாட்டை அவர்களுடைய சொந்த மார்க்கை வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். வாழைப்பழம் வாங்குகிறவர் கதைகளுக்கு வராத கவனம் இதற்கு வருகிறது.

திருத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா பள்ளி ஆசிரியர். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தப் போய்விட்டு வந்தால், "இன்று ஒருவன் நாலு மார்க்குக்கு முப்பது வரி எழுதியிருந்தான்" என்று சாப்பிடும்போது சொல்வார். எத்தனை கொடுத்தீர்கள் என்றால், "கீ என்ன சொல்லுதோ அதை" என்பார். அந்தப் பதிலை நம்பித்தான் வளர்ந்தேன். இங்கே எங்கள் துறையில் ஒருநாள் நாலு கணக்கு ஆசிரியர்களும் ஒரே தாளின் நகலைத் திருத்தினோம். பெயர் மறைத்திருந்தது. 66, 71, 78, 84. ஒருவர் வழிமுறைக்கு மார்க் கொடுத்தார், ஒருவர் அலகு எழுதாததற்கு ஒவ்வொரு இடத்திலும் கழித்தார். நான் 71. அந்தத் தாள் என் வகுப்பில் தப்பியது, பக்கத்து அறையில் தோற்றிருக்கும்.

நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு பேர் உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதிய ஆங்கிலத் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு 64இலிருந்து 98 வரை வந்தது. ஆங்கிலம் அப்படித்தான், ரசனை சம்பந்தப்பட்டது என்றார்கள் சிலர். அடுத்த வருஷம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். வித்தியாசம் இன்னும் பெரிதாக வந்தது! கணக்கில் சரி, தப்பு என்று இரண்டுதானே என்று சொல்கிற பெற்றோருக்கு இதைத்தான் சொல்வேன்.

குறுந்தேர்வுக்குப் பக்கத்து இருக்கைக்காரனிடம் தாளை மாற்றிக்கொள்ளச் சொல்வதுண்டு, நாம் எல்லோரும் செய்ததுதான். அதற்கும் இங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஓக்லஹோமாவில் ஓர் அம்மா, என் பிள்ளைகளின் மார்க்கை மற்றப் பிள்ளைகள் பார்ப்பது மாணவர் பதிவேட்டு ரகசியச் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2002இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: இல்லை, ஆசிரியர் தன் பதிவேட்டில் ஏற்றும் முன்னால் அது பதிவேடே ஆகாது.

*

நம்மவர்களின் மின்னஞ்சல் தனி ரகம். மார்க் ஏறியதும் பெற்றோரின் கைபேசியில் மணி அடிக்கும்படி மென்பொருளில் வசதி இருக்கிறது. நான் ராத்திரி பத்தரைக்கு ஒரு தாளைப் பதிந்தால் பத்து நாற்பதுக்கு மின்னஞ்சல் வரும். "மேடம், 97 ஏன்?" தோற்ற பிள்ளையின் பெற்றோர் யாரும் அந்த வேகத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. டெக்சஸ் சட்டப்படி ஆசிரியர் போட்ட மார்க் இறுதியானது. அது தன்னிச்சையானது, பிழையானது, அல்லது மாவட்டத்தின் கொள்கைக்கு ஒவ்வாதது என்று அந்த ஏழு பேர் முடிவு செய்தால் தவிர மாற்ற முடியாது. இதை நான் எடுத்துக்காட்டியது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை அந்த அப்பாதான் சரி. 98ஐ 89 என்று பதிந்திருந்தேன். அவர் சிரிக்காமல் நன்றி சொன்னார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1997இல் வந்த சட்டப்படி, உயர்நிலைப் பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. ரொம்ப நாள் ஆறு விழுக்காடாக இருந்ததை, 2026 இலையுதிர்காலத்தில் சேர்கிறவர்களிலிருந்து ஐந்தாக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஐந்து விழுக்காட்டுக்கும் எட்டு விழுக்காட்டுக்கும் நடுவே இருப்பது தசம ஸ்தானங்கள்தான்.

அந்தத் தசமங்களை யார் கணக்கிடுகிறார்கள்? அதுவும் மாவட்டம். எங்களிடம் கடினமான ஏபி வகுப்பில் முழு மார்க் என்றால் 6.0, சாதாரண வகுப்பில் முழு மார்க் என்றால் 5.0. ஆறு ஏபி வகுப்பில் அத்தனையிலும் முழுதாக வாங்குகிற ஒரு பிள்ளை கூடவே ஆர்கெஸ்ட்ராவில் வயலினும் எடுத்தால், அதிலும் முழுதாக வாங்கினாலும், சராசரி 5.857. வயலினை விட்டுவிட்டால் 6.0. முழு மார்க் வாங்குவதாலேயே தரவரிசை இறங்குகிற அதிசயம் இது. போன வருஷம் என் பழைய மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்தவள், வயலினை விட்டுவிட்டாள். பார்க்க வந்தபோது கணக்கைப் போட்டுக் காட்டினாள். பிழையே இல்லை, நான் சொல்லிக்கொடுத்த நிறைச் சராசரிதான்.

2017இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவில் முதலிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அப்பா போனில் சந்தோஷமாகச் சொன்னார், இனி பேப்பரில் போட்டோ வராது, பிள்ளைகள் நிம்மதியாக இருக்கும் என்று. நான் இங்கே ராங்குக்குள் வந்து மாட்டிக்கொண்டிருப்பதை அவரிடம் விளக்கவில்லை. என் சின்ன மகளுக்கு முதல் வகுப்பில் 1 முதல் 4 வரைதான். மாமியார் கேட்டார், "எத்தனைக்கு எத்தனைம்மா?" "நாலுக்கு மூணு, அத்தை." "ஐயோ, முக்கால்தானா!" மூன்று என்றால் வகுப்புக்கு உரிய நிலையை எட்டிவிட்டாள் என்று அர்த்தம். சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். பள்ளி நடந்த நாட்களில் 90 விழுக்காடு வந்திருந்தால்தான் மார்க்கே கணக்கில் சேரும். பொங்கல் முடித்துவிட்டு வருகிறோம் என்று டிசம்பரில் கிளம்புகிறவர்கள் அரையாண்டில் எட்டு, ஒன்பது நாள் தாண்டினால் வருகைக் குழு முன்னால் உட்கார வேண்டிவரும். 98 வாங்கியிருந்தாலும்.

*

கோச்சிடம் திரும்புகிறேன். மேலே சொன்ன 67.8 பையன், அணியில் முக்கியமானவன். என் முதல் வருஷம், முதல் ஒன்பது வாரம். வெள்ளிக்கிழமை மதியமே கோச் வந்துவிட்டார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "அவன் ஏதாவது செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவன் தராத ஆறு தாளில் ஒன்றை எடுத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்யச் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தான், எல்லாம் சரி. விதிப்படி அதிகபட்சம் 70 போட்டேன். சராசரி 70.6. ஐந்து நாள் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைக்கு உதவினோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் என் மேஜை அருகே நின்றாள். மூன்றாவது வரிசை. அணியிலும் இல்லை, பேண்டிலும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லாததால் அவளுக்காக என் வாசலுக்கு யாரும் வரவில்லை. ரிப்போர்ட் கார்டில் 69.

"மிஸ், அவனுக்கு 68 தானே இருந்தது?"

பிள்ளைகள் ஒருவர் மார்க்கை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தடுமாறிவிட்டுச் சொன்னேன், "அவன் ஒரு தாளைத் திரும்பச் செய்தான். நீயும் கேட்டிருக்கலாமே."

"கேட்கலாம் என்று எனக்குத் தெரியாதே, மிஸ்."

வருஷ ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்ன தாளில் அந்த விதி இருந்தது, மூன்றாம் பக்கத்தில். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பையனும் கேட்கவில்லை, கோச் அல்லவா கேட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். மார்க் பதிவு மூடியாகிவிட்டது. திறக்க வேண்டுமென்றால் முதல்வரிடம் காரணம் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தேன். 'ஆசிரியரின் பிழை' என்ற கட்டத்தில் டிக் செய்து, அவளுக்கும் ஒரு தாள் கொடுத்து, 71 என்று மாற்றினேன். அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் வருஷம் முடியும்வரை ஒவ்வொரு தாள் திருப்பித் தரும்போதும், "இதைத் திரும்பச் செய்யலாமா, மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், 92 வாங்கிய தாளுக்கும்.

இப்போது எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பதிவு மூடுவதற்கு முந்தின வாரம் மார்க் பட்டியலைச் சராசரிப்படி வரிசையாக்கி, 70க்குக் கீழே இருக்கிற எல்லோர் மேஜையிலும் ஒரு மஞ்சள் சீட்டு வைக்கிறேன். எந்தெந்தத் தாளைத் திரும்பச் செய்யலாம், எந்தக் கிழமைக்குள், மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வரலாம். ஐந்து நாள் கெடு முடிந்த தாளை அதில் எழுதுவதில்லை, யாருக்காகவும். இந்தத் தடவை பதினொரு சீட்டு. ஏழு பேர் வந்தார்கள். என் மைக்ரோவேவில் ஏழு பேர் சாப்பாடும் சுற்றிச் சுற்றி, அறை இன்னும் பீட்சா வாசம் அடிக்கிறது.

நேற்று மூன்றே முக்காலுக்கு கோச் வந்தார். வானிலை. தாளைப் பிரித்தார், விரலை வைத்தார்.

"போன வாரமே மஞ்சள் சீட்டு கொடுத்துவிட்டேன்" என்றேன்.

"வந்தானா?"

"வரவில்லை."

கொஞ்ச நேரம் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். 69.3 என்று திரையில் இருந்தது, அவர் நிற்கிற இடத்திலிருந்தும் தெரியும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலரைக்கு மூடினேன்.